பஞ்சு ஒட்டாத மோவாய்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம். பிரியமெல்லாம் அதற்கப்புறம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் செஞ்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் இருவரும் ஆபரேட்டர்கள். நான் வந்தவாசிப் பக்கம், அவள் தொண்டூர். பஜாருக்குப் பின்னால் ஒரு பாய் வீட்டு மாடியறையில் சேர்ந்து குடியிருந்தோம். என்னைவிடச் சில வயது பெரியவள் என்பதால் எனக்கு அக்கா. ஊரில் யார் யாரோடு பேசவேண்டுமென்றாலும் எங்கள் கைதான் ஒயரை எடுத்துச் சொருகவேண்டும். ‘நம்பர் ப்ளீஸ்’ என்று அவள் கேட்டால், மணிலாக்கொட்டை மண்டி முதலாளிகூட எந்த நம்பர் கேட்க வந்தோம் என்பதை மறந்துவிட்டுத் திணறுவார். அப்படி ஒரு குரல். அந்தக் குரலுக்குரிய முகத்தைப் பார்த்துவிடவேண்டும் என்று எக்ஸ்சேஞ்ச் வாசலில் சைக்கிளை நிறுத்தி, கழலாத செயினை மாட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவள் ஜன்னல் பக்கமே போகமாட்டாள்.

அவளுடைய இடது கையை விட்டுவிட்டு அவளைப் பற்றிச் சொல்லமுடியாது. அந்தக் கை எப்போதும் மோவாயில் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் இறங்கும், உடனே ஏறிவிடும். எங்கள் சூப்பர்வைசர் அதைப் பார்த்து, அவள் பெரிய சிந்தனைக்காரி என்று முடிவு கட்டியிருந்தார். கீழ்வீட்டு பாய் சம்சாரம் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தனுப்புவார். தொண்டூரில் அதற்குப் பெயர் திமிர். வந்த வரனையெல்லாம் முகம் கொடுத்துப் பேசாமலே வேண்டாமென்று சொன்னவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? பஸ்ஸில் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்காருவாள். போட்டோ என்றால் தலைவலி வந்துவிடும். நானும் அவளைக் கர்வக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், பாய் வீட்டுப் பேத்தி அவள் மடியில் தாவி ஏறும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். குழந்தை பின்னாலிருந்து ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தது. வைத்த வேகத்தில் விலகியது.

“அக்கா மூஞ்சி குத்துது. அத்தா மாதிரி குத்துது.”

“சும்மா இருடி வாயாடி” என்று அதன் அம்மா கீழேயிருந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மோவாயில் வைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்தாள். அறுத்த நெல்வயலில் வெறுங்காலோடு நடந்தது போல உள்ளங்கையில் குத்தியது.

“தெரிஞ்சிகினியா? நீ யார்கிட்டனா சொன்னா நான் ராஜகிரி மேல ஏறி குதிச்சிடுவேன்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை, சாயந்திரம் என்ன குழம்பு என்பது போலச் சொன்னாள். அதனாலேயே நான் நம்பினேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை மலை அப்படியே எதிரில் நிற்கும். அதுவரை துணி காயப்போடும்போது அதை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள் நான். அன்றிலிருந்து அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே துணி காயப்போட்டேன்.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, கோரைக்கிழங்கு, யாரோ சொன்ன எறும்பு முட்டைத் தைலம். நூல்போட்டு இழுத்துப் பார்த்தாள். பிடுங்கிப் பார்த்தாள், கட்டி வந்தது. திண்டிவனத்தில் ஒரு டாக்டர், கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இது இருந்தால் கல்யாணமே ஆகாது என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? கடைசியில், பட்டாளத்துக்குப் போன அண்ணன் விட்டுப்போன சேஃப்டி ரேசர் ஒன்றை எடுத்துக்கொண்டாள். தினம் விடியற்காலை தேங்காய் எண்ணெய் தடவி மழித்துவிட்டு, மேலே மஞ்சள் பூசிக்கொள்வாள். சாயந்திரத்துக்குள் மஞ்சளுக்கு அடியில் பச்சை பாரிக்கும். கை மோவாய்க்கு ஏறிவிடும்.

இது தெரிந்த பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. இரண்டு கல்யாணமாகாத பெண்கள் குடியிருக்கிற அறையில் ஒரு ரேசர் இருப்பது எதற்குச் சமம் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்பிளை வந்துபோகிறான் என்பதைத் தவிர யாருக்கு வேறு எது தோன்றும்? தேய்ந்த பிளேடுகளைப் பவுடர் டப்பாவில் போட்டு, ஊருக்குப் போகும்போது எடுத்துப்போய் எங்கேயாவது கிணற்றில் போடுவோம். ஒருமுறை ஒரு பிளேடு தப்பித் தண்ணியோடு போய்க் கீழே சலதாரையில் சிக்கிவிட்டது. பாய் சம்சாரம் அதை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“இன்னாம்மா இது?”

அந்தம்மாவின் பார்வை கொடியில் தொங்கிய துணிகள்மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. வேட்டியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

“தையல் பிரிக்கிறதுக்குமா. ரவிக்கை இறுக்கமா இருந்துது” என்றேன்.

“பாத்து போடுங்க. புள்ள கால்ல குத்திடும்.”

அவர் இறங்கிப்போன பிறகு பார்த்தேன், இவள் கட்டிலுக்கடியில் கையைவிட்டு ரேசரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

இப்படி இருந்தவள் ஒரு வரனுக்குச் சரி சொன்னாள். அவலூர்பேட்டையில் கூட்டுறவு சொசைட்டி ஒன்றில் கிளார்க். வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டுக் கேட்டே அவள் குரலோடு பழகியவர். வீட்டாரை அனுப்பிப் பெண் கேட்டுவிட்டார். விளக்கு வைத்த நேரத்தில் பெண் பார்க்க வந்தார்கள், அவளும் தூணோரமாக நின்று சமாளித்துவிட்டாள்.

“இந்த ஒருத்தர்கிட்ட மட்டும் வேணாம்னு சொல்ல வாய் வரல” என்றாள் என்னிடம்.

“அவருக்குத் தெரிய வேணாமாக்கா?”

“நானே சொல்லிடுவேன். தனியா, என் வாயால. அது பயமில்ல. நலங்குதான் பயம்.”

எங்கள் பக்கத்து நலங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணை மணையில் உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து மஞ்சள் பூசுவார்கள். பாதத்தில் ஆரம்பித்து மேல்நோக்கியே கை போகவேண்டும். கன்னத்திலும் அப்படித்தான், மோவாயிலிருந்து காது வரை மேலே இழுத்துத் தடவுவார்கள். முள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அதற்கு நேரெதிராக. மாமியார், நாத்தனார், பெரியம்மா, சின்னம்மா என்று ஒரு ஊர்ப் பெண்களின் உள்ளங்கை.

அவள் கல்யாணப் பட்டுப்புடவையைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பஞ்சைப் பற்றியே பேசினாள். விளக்குத்திரிப் பஞ்சை மெல்லிசாகப் பிரித்து, மோவாயில் கீழிருந்து மேலாக இழுப்பாள். மழித்த கையோடு இழுத்தாலும் ஒரு இழை ஒட்டிக்கொண்டு நிற்கும். “ஒட்டக்கூடாது. ஒட்டவே கூடாது” என்பாள். அண்ணன் ரேசர் சாது ஜாதி, மேலோடு போகுமே தவிர அடிமுள்ளைத் தொடாது. இன்னும் கடுமையானது ஒன்று வேண்டும். பஜாரில் அதை யார் போய் வாங்குவது? அவள் கடைக்குப் போய் வாயைத் திறந்தால் செஞ்சிக்கே அவள் யாரென்று தெரிந்துவிடும். நான் போனேன். என் குரலும் அந்த ஊருக்குத் தெரியும் என்பது கடையில் நின்ற பிறகுதான் உறைத்தது.

“யாருக்கும்மா?” என்றார் கடைக்காரர்.

“நைனாவுக்கு.” குரலை மாற்றி இருமலோடு சொன்னேன்.

“நைனாவுக்கு முடி முரடா, மெதுவா?”

“முரடு.”

“எத்தினி நாளைக்கு ஒருக்கா எடுப்பாரு?”

“தினமும்.”

“தோலு எப்படி? தடிச்ச தோலா?”

என் வீட்டு நைனா மாதத்துக்கு இரண்டு தடவை சவரக் கடைக்குப் போகிறவர், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. “மெல்லிசு” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு ரேசர்களை வைத்தார். ஒன்றின் விளிம்பு மழமழவென்று இருந்தது. இன்னொன்றுக்குச் சீப்பு போலப் பல், பிளேடும் நன்றாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“இது சாதும்மா. எப்படி இழுத்தாலும் ஒண்ணும் ஆவாது. அது முரடு. ஒரே இழுப்புல வேரோட வரும், கை கொஞ்சம் சாஞ்சா தோலும் வரும். மெல்லிசு தோலுன்ற, யோசனை பண்ணிக்கோ.”

“முரடே குடுங்க.”

“குடுக்குறேன். எண்ணெய் கிண்ணெய் தடவிகினு இத எடுக்கக்கூடாது. சோப்பு போட்டு நுரை கெட்டியா நிக்கணும், அப்பத்தான் வழுக்கும். நைனாகிட்ட சொல்லு.” ஷேவிங் சோப்பும் பிரஷ்ஷும் சேர்த்துப் பொட்டலம் கட்டினார். கையில் கொடுக்கும்போது சொன்னார்: “நீ எக்ஸ்சேஞ்சு பொண்ணுதான?”

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

முதல்முறை அவள் அதைப் போட்டுப் பார்த்தபோது நான் படியில் காவல் இருந்தேன். ஜன்னலைச் சாத்தி, லைட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்றாள். பழைய ரேசர் சத்தமே போடாது. இது சரக் சரக்கென்று முறுக்குக் கடிப்பது மாதிரி எனக்கு வெளியே கேட்டது. கீழே கேட்டுவிடுமோ என்று சும்மா இருமிக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போயிற்று. சரக் சத்தம் நின்றது. உள்ளே மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

“அக்கா?”

எழுந்துபோய்க் கதவிடுக்கில் வாயை வைத்தேன்.

“அக்கா, எங்க இருக்குது கத்தி?”

“மேலுதட்டுல” என்றாள் வாயைத் திறக்காமல்.

கரண்ட் திரும்பி வரும்வரை அவள் அசையவில்லை. கதவைத் திறந்தபோது மோவாயில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக அரும்பியிருந்தது. நான் அழுதேவிட்டேன். பழையதே போதும், வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் பஞ்சை எடுத்து மேலே இழுத்துக் காட்டினாள். ஒரு இழைகூட ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு காது வரை போயிற்று. ரத்தம் மட்டும் அங்கங்கே தொட்டிருந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“ரத்தம் நின்னுடும்டி. படிகாரம் தேச்சா நின்னுடும். முள்ளுதான் நிக்காது.”

மறுவாரம் டூட்டியில் ஒரு கால் வந்தது. அவள்தான் எடுத்தாள், நான் பக்கத்து சீட். நம்பர் சொல்லிவிட்டு அந்தப்பக்கம் கேட்டார்களாம்: “எம்மா, நைனாவுக்கு அந்த ரேசர் சரிப்பட்டு வந்துதா?” கடைக்காரர்தான். எங்கள் இருவரில் யார் எடுத்தாலும் ஒன்றுதான் அவருக்கு. அவள் கை மோவாய்க்குப் போனது, ஆனால் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. “நல்லா இருக்குதுன்னு சொன்னாருங்க. லைன்ல இருங்க, குடுக்கிறேன்” என்று சொருகினாள். எனக்குத்தான் ஒயர் எது ஓட்டை எது என்று தெரியாமல் போயிற்று.

நலங்கு செஞ்சியிலேயே ஒரு சத்திரத்தில். காலையில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றபோது அவள் இன்னும் குளியலறைக்குள் இருந்தாள். வெளியே சொந்தக்காரப் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நிற்கிறார்கள். “பொண்ணு இன்னாமா பண்ணுது, தண்ணி தீந்துபோவுது” என்று ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். நான் முதுகைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சரக் சத்தம் ஓய்ந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை போலிருக்கிறது, மொண்டு ஊற்றும் சத்தமே கேட்கவில்லை. ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாலேயே என்னைக் கேட்டாள். யாரும் பார்க்காதபோது என் புறங்கையை அவள் மோவாயில் மேலே இழுத்தேன். வெண்ணெய். ஒரு வெட்டுக்கூட இல்லை.

மணையில் உட்கார்ந்தாள். மாமியார் முதலில் வந்தார். நல்ல ஆகிருதி, களத்துமேட்டில் வேலை செய்து காய்த்த கை. கிண்ணத்து மஞ்சளை அள்ளிப் பாதத்தில் தடவினார், முழங்காலில், தோளில். நெற்றியில் ஒரு இழுப்பு. பிறகு மோவாயிலிருந்து காது வரை, இந்தப்பக்கம், அந்தப்பக்கம். கை தங்குதடையில்லாமல் போயிற்று. மேலுதட்டிலும் வழித்துவிட்டு அவர் சிரித்தபடி எழுந்தார். முடிந்தது, தப்பித்தோம் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

மஞ்சள் சிவந்துகொண்டிருந்தது.

முதலில் காதோரம். அப்புறம் தாடை நெடுக, மோவாய், மேலுதடு. வெற்றிலைச் சாறு ஊறுவது மாதிரி கண்முன்னால் சிவந்தது. மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவந்துபோகும் என்று துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். இத்தனை நாள் எண்ணெய் போட்டு மழித்து மஞ்சள் பூசினவள், இந்த ரேசருக்காகச் சோப்புக்கு மாறினாள், இன்று தண்ணீர் இல்லாமல் துடைத்தாள். பயத்தில் அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. எதை மழித்து மறைத்தாளோ அது அப்படியே தாடியாக, சிவப்பாக, சத்திரத்துப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் முளைத்து நின்றது.

“ஐயோ, பொண்ணு மூஞ்சி பாருங்க!” என்றது ஒரு குரல்.

மாமியார் திரும்பினார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். “இன்னா இது? எதுனா தோல் வியாதியா? மறைச்சிட்டீங்களா?”

அவளுடைய அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க என்று யாரோ வாசல் பக்கம் போனார்கள். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, “வியாதி இல்லீங்க, சோப்பு. மூஞ்சி கழுவினாங்க, தண்ணி இல்லாம சரியா அலம்பல” என்றேன். பொய்யில்லை. கூட்டம் ‘ஓ’ என்று இளகியது. ஒரு பாட்டி சிரிக்கக்கூட ஆரம்பித்தாள்.

மாமியார் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

“நெத்தி மஞ்சளாத்தான இருக்குது. மோவாய்க்கு மட்டுமா சோப்பு போட்டுச்சு?”

ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கப் பார்த்தேன். இவள் எழுந்து ஓடினால் எந்தப் பக்கம் மறிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஓடவில்லை. லைன் கொடுக்கும்போது பேசுவாளே, அந்தக் குரலில், கடைசியில் நிற்பவளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ஷேவ் பண்ணேன் அத்தை. எனக்கு மோவாயில முள்ளு வரும். தினமும் எடுக்கறேன்.”

மாமியார் அவளைப் பார்த்தபடியே நின்றார். பிறகு பக்கத்திலிருந்த சொம்பை இழுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் தண்ணீர் ஏந்தி அந்தச் சிவப்பைக் கழுவினார். கழுவிவிட்டு உள்ளங்கையை மோவாயில் வைத்து மெதுவாக மேலே இழுத்தார். காது வரை போய், திரும்ப மோவாய்க்கு வந்து, இன்னொருமுறை இழுத்தார்.

“நல்லாத்தான் எடுத்திருக்கிற” என்றார். “இருட்டுல எடுக்காத, கீறிக்கப் போற. நம்ம வூட்ல கண்ணாடி வாசல்ல மாட்டியிருக்குது. அங்க வெளிச்சம் இருக்கும்.” திரும்பி, வாயைப் பிளந்து நின்ற நாத்தனாரிடம், “மஞ்ச கிண்ணத்த எடு” என்றார்.

புதுமஞ்சள் பூசினார். அது மஞ்சளாகவே நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து மோவாயைத் தொட்டுவிட்டுப் போனார்கள், சிலர் தேவைக்குமேல் தேய்த்தார்கள். அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. அப்புறம்தான் நான் கவனித்தேன், என் இடது கை என் மோவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.